வூஷீ நகரத்துப் பாணன்

சீன நாட்டின் கிழக்கே, யாங்சி ஆற்றுக்குத் தெற்கில், தாய்ஹூ என்னும் பேரேரியின் வடகரையில் வூஷீ என்றொரு நகரம் இருக்கிறது. பெய்ஜிங்கையும் ஹாங்சோவையும் இணைக்கும் பெருங்கால்வாய் அந்நகரின் ஊடே செல்கிறது. பட்டும் நெல்லும் அங்கே படகேறின; பின்னாளில் நூல் ஆலைகளும் எழுந்தன. வாணிகம் செழித்த ஊரில் தேநீர்க்கடைகள் செழிப்பதும், தேநீர்க்கடைகள் செழித்த ஊரில் பாட்டும் கதையும் பெருகுவதும் இயல்பே அன்றோ? 1930-ஆம் ஆண்டுகளில் அந்நகரில் வாழ்ந்தவர்களுள் ஒரு மனிதரைக் காணாதவர் சிலர் இருக்கலாம். கேளாதவர் இருந்திருக்க மாட்டார். இரவு முதிர்ந்த நேரத்தில், குறுகிய தெருக்களின் வழியே, நடந்தபடியே வில் போட்டு வாசித்துக்கொண்டு அவர் போவார். முதுகில் பிப்பா என்னும் நரம்புக் கருவி தொங்கும். கண்ணிலே கறுப்புக் கண்ணாடி. முன்னே ஒரு பெண் கைபிடித்து வழிகாட்டி நடப்பாள்.

அவருடைய இயற்பெயர் ஹுவா யென்ஜுன். ஊரார் அழைத்த பெயரோ ‘குருட்டு ஆபிங்’ என்பது. தென்சீனத்தில் ‘ஆ’ என்னும் முன்னொட்டைச் சேர்த்துப் பெயர் சொல்வது செல்லமாக அழைக்கும் வழக்கு. ‘பிங்’ என்ற எழுத்துக்கோ ஒளி, பிரகாசம் என்று பொருள். ஆக, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘குருட்டுப் பிரகாசம்’ என்று வருகிறது. இவ்வாறு பொருந்தாப் பொருள்களை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் குறும்பு எல்லா ஊர்த் தெருக்களுக்கும் பொதுவானது போலும்.

ஆபிங் பிறந்தது 1893-ஆம் ஆண்டில். இறந்தது 1950-ஆம் ஆண்டு டிசம்பரில். ஐம்பத்தேழு ஆண்டு வாழ்ந்த அந்த இசைவாணரிடமிருந்து உலகத்துக்கு இன்று எஞ்சியிருப்பவை ஆறே ஆறு உருப்படிகள். எர்ஹூ என்னும் வில்யாழில் மூன்று, பிப்பாவில் மூன்று. அவை ஆறும் அவர் மறைவதற்கு மூன்று மாதத்துக்கு முன், சில நாள்களுக்குள், ஒரு மெல்லிய எஃகுக் கம்பியில் பதிவானவை. அப்பதிவு நிகழாதிருப்பின் ஆபிங் என்ற பெயரே வூஷீ நகரத்துக் கிழவர்கள் சிலருடைய நினைவோடு அழிந்திருக்கும். அந்தக் கம்பியில் அகப்பட்டது எது, அகப்படாமல் நழுவியது எது என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பிப்பா என்ற கருவியைப் பற்றி. இதனை வீணை என்றே தமிழில் எழுதிவிடலாம், எளிதாகப் போகும், ஆனால் கேட்பவர் மனத்தில் தவறான வடிவம் தோன்றும். வீணையின் குடமும் யாளி முகமும் இதற்கு இல்லை. பேரிக்காயை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தாற் போன்ற உடல், நான்கு நரம்புகள், கழுத்திலும் மார்பிலும் வரிசையாக மெட்டுக்கள். முற்காலத்தில் இதனைக் குறுக்கே சாய்த்துப் பிடித்து, மரத்தாலான பெரிய மீட்டுகோலால் அறைந்து வாசித்தனர். இன்றோ மடியில் நிமிர்த்தி நிறுத்தி, வலக்கையின் ஐந்து விரல் நகங்களாலும் மீட்டுகிறார்கள். ஐந்து விரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டு ஒரே சுரத்தை இடையறாது ஒலிக்கச் செய்யும் முறைக்குச் ‘சக்கர விரல்’ என்று பெயர். விரல் தனித்தனியே படுவது காதுக்குத் தெரியாமல் ஒலி நூல்போல் நீள வேண்டும். அதுதான் மாணவனின் முதற் சோதனை. பிப்பாவின் உருப்படிகளை அமைதிப் பகுதி என்றும் போர்ப் பகுதி என்றும் இருவகையாகப் பிரிப்பர். போர்ப் பகுதியில் முரசும் குதிரைக் குளம்பும் வாளோசையும் நான்கு நரம்புகளிலேயே எழும்.

இக்கருவி சீனத்துக்கு மேற்கேயிருந்து, மத்திய ஆசியப் பாலைவழியாக வந்தது. 568-ஆம் ஆண்டில் துருக்கிய இளவரசி ஒருத்தி வட சௌ வமிசத்து மன்னனுக்கு மணமகளாக வந்தபோது, கூச்சா நகரத்து வித்வான் ஒருவர் அவளுடைய பரிவாரத்தில் வந்தார். சுஜீவர் என்பது அவர் பெயரென ஆராய்ச்சியாளர் கொள்வர். பிப்பா வாசிப்பதில் வல்லவராகிய அவர் ஏழு பண்முறைகளைச் சீனருக்கு விளக்கினார் என்று சூய் வமிச வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அப்பண்களின் பெயர்கள் சீன எழுத்தில் உருமாறிக் கிடந்தாலும், சாதாரிதம், கைசிகம், பஞ்சமம் முதலிய நம் நாட்டுப் பெயர்கள் அவற்றுள் மறைந்திருப்பதை அறிஞர் கண்டு கூறியிருக்கின்றனர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டில் நாம் படிக்கும் பெயர்களே இவை. இதனை விரிப்பின் பெருகும். ஆபிங்கின் மடியில் இருந்த கருவிக்கு இத்தனை நீண்ட வழிநடை உண்டு என்பதைச் சுட்டிவிட்டு மேலே செல்வோம்.

வூஷீ நகரத்துக்குப் பிப்பா புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹுவா என்னும் அதே குடிப்பெயருடைய வூஷீக்காரர் ஒருவர் பிப்பா உருப்படிகளைச் சுரப்படுத்தி முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டார். அது கற்றவர்களின் பிப்பா, நூலறையில் வாசிப்பது. ஆபிங் பயின்ற பிப்பாவோ கோயிலில் வளர்ந்தது.

அவருடைய தந்தை ஹுவா சிங்ஹே தாவோ மதத்துப் பூசகர். வூஷீயின் நடுவே இருந்த தாவோ கோயிலில் இடித்தெய்வத்தின் சன்னிதி அவர் பொறுப்பில் இருந்தது. தாவோ பூசகர்கள் மந்திரம் மட்டும் ஓதுபவரல்லர். ஈமச் சடங்கு, நோய் தீர்க்கும் சடங்கு, தெய்வத்தின் பிறந்தநாள் ஆகிய அனைத்துக்கும் இசைக் குழுவாகச் சென்று வாசிப்பவரும் அவர்களே. குழல், எர்ஹூ, பிப்பா, மூன்று நரம்புச் சான்ஷியன், முரசு, தாளம் ஆகியவற்றில் ஒவ்வொருவரும் பலவற்றைப் பயின்றிருப்பர். வூஷீப் பூசகர்கள் இக்குழு இசையின் ஒரு பகுதியை ‘ஃபான்யின்’ என்பார்கள். ‘ஃபான்’ என்பது பிரம்ம என்னும் வடசொல்லைக் குறிக்கச் சீனர் வழங்கிய எழுத்து. எனவே ‘பிரம்ம நாதம்’ என்று பொருளாகிறது. பௌத்தம் வழியாகச் சென்ற ஒரு சொல், பௌத்தரல்லாத பூசகரின் வாத்தியத்தில் போய் அமர்ந்திருப்பதைக் காண நமக்கு வியப்பாக இருக்கிறது.

ஆபிங் சிறுவயதிலேயே தாயை இழந்தவர். தந்தையிடம் தொடங்கி, கோயிலில் இருந்த எல்லாரிடமும் பயின்றார். பின்னாளில் உம்முடைய ஆசிரியர் யார் என்று கேட்டபோது, ஓர் ஆசிரியர் என்று சுட்ட அவரால் முடியவில்லை. யாரிடத்து ஓர் உருப்படி நன்றாக இருந்ததோ அவரிடம் அதைக் கற்றுக்கொண்டாராம். குருபரம்பரை கூறி அவையில் அமரும் வழக்கத்துக்குப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தெருவும் கோயிலும் கலந்த ஓர் இசைக்கு இதுவே இயற்கையான கல்வி. இளமையிலேயே அவர் பிப்பாவிலும் எர்ஹூவிலும் தேர்ந்தார். முரசில் அவருக்கு நிகர் அவ்வட்டாரத்திலேயே இல்லையென்று உடனிருந்த பூசகர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தந்தை மறைந்தபின் சன்னிதியின் பொறுப்பும் வருவாயும் அவருக்கு வந்தன. பணம் வந்தது, அதனோடு அபினும் வந்தது, தீய நட்பும் வந்தது. ஒழுக்கக் கேட்டால் வரும் நோய் பற்றிக்கொண்டது. ஒரு கண் முதலில் போயிற்று. முப்பத்தைந்து வயதையொட்டி மற்றதும் போயிற்று. பார்வை இல்லாத பூசகரைச் சடங்குக்கு அழைப்பார் குறைந்தனர். கோயில் வருவாய் கைவிட்டுப் போக, அவர் தெருவுக்கு வந்தார்.

இப்பகுதியைச் சொல்லாமல் விடுவோரும், பிறர்மீது பழிபோட்டுச் சொல்வோரும் உண்டு. அவர் புகழ் பெருகிய பின் எழுந்த வரலாறுகள் சிலவற்றில் அபினும் இல்லை, நோயும் இல்லை. கொடிய பணக்காரர்களே அவரைக் குருடராக்கினார்கள் என்னும் வகையில் கதைகள் வளர்ந்தன. 1979-இல் வந்த திரைப்படம் ஒன்றும் அவரைக் காவிய நாயகராகவே காட்டியது. தவறு செய்யாத மனிதரிடமிருந்துதான் நல்ல இசை பிறக்கும் என்று எண்ணுவோர் எந்த நாட்டிலும் இருப்பார்கள் போலும். அவரை நேரில் அறிந்து முதன்முதலில் வரலாறு எழுதிய யாங் யின்லியூ இவற்றை மறைக்கவில்லை. யாம் அவர் பக்கமே சாய்கிறோம்.

தெருவுக்கு வந்தபின் ஆபிங்கின் நாள் எப்படிக் கழிந்தது என்பதையும் யாங் எழுதி வைத்திருக்கிறார். காலையில் தேநீர்க்கடைகளில் அமர்ந்து ஊர்ச் செய்தியும் நாட்டுச் செய்தியும் கேட்பார். செய்தித்தாளைப் பிறர் படிக்கக் கேட்பார். கேட்டவற்றைப் பாட்டாகக் கட்டுவார். பிற்பகலில் ச்சோங்ஆன் கோயிலின் முன்புள்ள திறந்த வெளியில் கூட்டம் சேரும். கையில் மூங்கிற் சப்ளாக்கட்டையோ பிப்பாவோ இருக்கும். அன்றைய செய்தி அவர் வாயில் பாட்டாக வரும். 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷாங்காயைத் தாக்கிய ஜப்பானியப் படையைச் சீனத்துப் பத்தொன்பதாம் படை எதிர்த்து நின்ற செய்தியை அவர் பாடியது பலர் நெஞ்சில் நின்றது. ஊரில் பெரிய மனிதர் செய்த அக்கிரமமும் பாட்டில் வரும். வெளிப்படையாகப் பெயர் சொல்ல முடியாத இடத்தில் கேட்பவர் புரிந்துகொள்ளும்படி பாடுவார்.

கூட்டத்தைக் கவர வித்தைகளும் செய்வார். பிப்பாவைத் தலைமேல் வைத்துக்கொண்டு வாசிப்பார். எர்ஹூவில் கோழி கூவும், நாய் குரைக்கும், மனிதர் பேசுவது போலவும் கேட்கும். இவற்றைக் கேட்டுச் சிரித்தவர்கள் அதன்பின் வந்த உருப்படியையும் நின்று கேட்டார்கள். ஆனால் அவர் கையேந்தியதில்லை. வாசிப்பார், கொடுத்தால் பெற்றுக்கொள்வார், கொடாவிட்டாலும் வாசிப்பார். ‘நான் பாடிப் பிழைப்பவன்’ என்ற மிடுக்கு அவரிடம் இருந்தது என்பதை அறிந்தோர் அனைவரும் ஒரே குரலில் சொல்கின்றனர். பழந்தமிழ்ப் பாணரைப் பற்றிப் படித்தவர்களுக்கு இவ்வியல்பு புரியாதிராது. வழிகாட்டி நடந்த பெண் டுங் சுய்டி. கைம்பெண்ணாக இருந்து அவருக்கு வாழ்க்கைத் துணையானவர். அவ்வம்மையாரின் கைப்பிடி இல்லாமல் அத்தனை ஆண்டு அவர் தெருக்களில் நடந்திருக்க முடியாது. அவரைப் பற்றி எழுதப்பட்டதோ மிகக் குறைவு.

1937-இல் வூஷீ ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆபிங் சிறிது காலம் ஷாங்காயில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய முகத்தை இன்று நாம் அறிவது, படையெடுத்தவர் ஆட்சியில் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டியிருந்த அடையாளச் சீட்டில் ஒட்டிய புகைப்படத்தால்தான். வேறு புகைப்படம் அகப்படவில்லை. மெலிந்த முகம், பழைய தொப்பி, ஒருபக்கம் ஏறிய வட்டக் கண்ணாடி. இன்று நூலட்டைகளிலும் சிலைகளிலும் நாம் காண்பதெல்லாம் அந்தச் சிறு சீட்டுப் படத்தின் வழித்தோன்றல்களே.

போர் முடிந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. நாணய மதிப்பு வீழ்ந்து, மக்கள் கையில் காசு இல்லாமல் போயிற்று. ஆபிங்கின் உடல்நலமும் குன்றியது. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். சுவரில் தொங்கிய எர்ஹூவின் தோலை எலி கடித்ததாகவும், அதைக் கெட்ட சகுனமாக எண்ணி அவர் ஒதுக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். எப்படியிருப்பினும், 1950-இல் அவரிடம் வாசிக்கத்தக்க கருவி ஒன்றும் இல்லை; இரண்டு மூன்று ஆண்டுகளாக விரல் நரம்பைத் தொடவும் இல்லை.

அந்நிலையில் இருந்த மனிதரை நாடி இசைப் பேராசிரியர்கள் வந்தது எப்படி? நான்கிங் நகரத்து இசைப்பள்ளியில் வூஷீயைச் சேர்ந்த மாணவர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் ஒருநாள் தேர்வுக்கு முன் விரலைச் சூடேற்றிக்கொள்ள எர்ஹூவில் ஏதோ வாசித்தார். நவீன எர்ஹூவின் தந்தை எனப்படும் லியூ தியன்ஹ்வாவின் சீடர் ஒருவர் அங்கே ஆசிரியராக இருந்தார். அவர் நின்று கேட்டு, இது யார் இயற்றியது என்று வினவினார். இதற்குப் பெயர் இல்லை. எங்கள் ஊர்த் தெருவில் ஒரு குருடர் வாசிப்பது என்றார் மாணவர். செய்தி யாங் யின்லியூவுக்கு எட்டியது. யாங்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் வூஷீக்காரரே. அதற்கு மேலும் ஓர் உறவு உண்டு; சிறுவராக இருந்தபோது அவர் பிப்பா பயின்றது ஆபிங்கிடமே. ஆசிரியருக்கு அப்போது பதினெட்டு வயது, மாணவருக்குப் பன்னிரண்டு.

1950-ஆம் ஆண்டு, கோடை கழியும் வேளையில், மத்திய இசைக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த யாங் யின்லியூவும் அவருடைய உறவினரும் பிப்பா வித்வாம்சினியுமான சாவ் ஆன்ஹேயும் வூஷீக்கு வந்தனர். எஃகுக் கம்பியில் ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தனர். ஒலிநாடா பரவுவதற்கு முன் வழங்கிய முறை அது. கம்பி மயிரிழை போன்றது. ஆபிங் உடனே இணங்கவில்லை. கை பழக்கம் விட்டுப்போயிற்று, சில நாள் பயில வேண்டும் என்றார். எர்ஹூ ஒன்று இரவலாகக் கிடைத்தது. பிப்பா சாவ் அம்மையாருடையது. இரண்டு மூன்று நாள் அவர் அக்கருவிகளோடு தெருவில் மீண்டும் நடந்து பழகினார். அதன்பின் பதிவு நடந்தது.

முதலில் வாசித்தது எர்ஹூ உருப்படி. அதற்குப் பெயர் என்ன என்று யாங் கேட்டார். பெயர் ஏதும் இல்லை, எப்போதும் வாசிப்பது என்று பதில் வந்தது. பெயரில்லாமல் எப்படிப் பதிவது? ‘அர்ச்சுவான் யின்யுவே’ என்று வைக்கலாம் என்று ஆபிங் சொன்னார். அர்ச்சுவான் என்பது ‘இரண்டாம் ஊற்று’. வூஷீயை அடுத்த ஹுய்ஷான் மலையடியில் உள்ளது. தேநீருக்கு ஏற்ற நீரில் உலகிலேயே இரண்டாவது என்று தாங் காலத்துத் தேயிலை அறிஞர் லூ யூ அதனை வரிசைப்படுத்தியதாகச் சொல்வர். ‘யின்யுவே’ என்றால் ‘பதிந்த நிலவு’. காண்டன் நாட்டு இசையில் இதே சொல்லில் முடியும் உருப்படி ஒன்று முன்பே இருந்ததால், யாங் ஓர் எழுத்தை மாற்றி ‘யிங்யுவே’ என்று வைக்கலாமா என்றார். அதற்குப் ‘பிரதிபலிக்கும் நிலவு’ என்று பொருள். ஆபிங்கும் சம்மதித்தார். பதிவதற்கும் பிரதிபலிப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. முத்திரை குத்தினாற்போல் நீரில் நிலைத்திருக்கும் நிலவு ஒன்று. காற்றடித்தால் கலைந்து மீண்டும் கூடும் நிலவு மற்றொன்று. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவருக்கு இவ்வகை ஓரெழுத்து மாற்றங்கள் உறக்கத்தைக் கெடுப்பவை. அவ்விருவரோ பேச்சோடு பேச்சாக முடித்துவிட்டனர்.

‘இரண்டாம் ஊற்றில் பிரதிபலிக்கும் நிலவு’ இன்று சீனத்தில் அறியாதார் இல்லாத உருப்படி. பெருமூச்சுப் போன்ற ஒரு சிறு தொடக்கம். பின் ஒரு மெட்டு. அது ஐந்து முறை மாறி மாறி வருகிறது. ஆபிங் மற்றவர்களைக் காட்டிலும் தடித்த பட்டு நரம்புகளைக் கட்டி, சுருதியையும் தாழ்த்தி வைத்திருந்தார். ஆகையால் அழுகை போன்ற மெல்லிய ஒலி அதில் இல்லை. அடித்தொண்டையில் பேசும் ஒரு முதியவரின் குரலே கேட்கிறது.

பதிந்த கம்பியை உடனே திருப்பி ஓட்டிக் காட்டினர். தம் வாசிப்பைத் தாமே கேட்பது ஆபிங்குக்கு அதுவே முதன்முறை. அவர் மிகவும் நெகிழ்ந்து மகிழ்ந்தார் என்று உடனிருந்தவர் எழுதினர்.

எர்ஹூவால் அடைந்த பெரும்புகழ் பிப்பாவை மறைத்துவிட்டது என்பதே நம் குறை. தந்தையின் கருவி பிப்பா. யாங்குக்கு அவர் கற்பித்ததும் பிப்பா. பதிவான மூன்றில் ‘மணலை அலசும் பேரலை’ என்பது தாவோ கோயிலின் பிரம்ம நாதத்திலிருந்து எழுந்தது என்று யாங் கருதினார். அதில் ஆரவாரம் குறைவு. ஒவ்வொரு சுரமும் தரையில் ஊன்றி எழுவதுபோல் எழுகிறது. மற்றொன்று ‘எல்லை கடக்கும் சாவ்ஜுன்’. கி.மு. 33-இல் ஹான் அரசன் தன் அந்தப்புரத்து மங்கை ஒருத்தியை வடக்கே ஷியோங்னு தலைவனுக்கு மணம் செய்து அனுப்பினான். குதிரைமேல் பிப்பாவை அணைத்தபடி பனிவெளியில் செல்லும் அவளைச் சீன ஓவியர் தலைமுறை தலைமுறையாக வரைந்திருக்கின்றனர். பிப்பாக்காரர் எவரும் தொடாமல் விடாத கதை இது.

மூன்றாவது ‘நாகப் படகு’. ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாள், கால்வாய்களில் நாக வடிவப் படகுகள் போட்டியிடும். படகில் முரசும் கண்டையும் முழங்கும். கரையில் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அத்தனையும் நான்கு நரம்புகளில் கேட்கிறது. முரசொலியைக் காட்ட நரம்புகளை ஒன்றோடொன்று முறுக்கி அறைகிறார், முரசு ஓய்ந்ததும் படகில் யாரோ வாசிக்கும் நாட்டுப்பாட்டு மிதந்து வருகிறது, மறுபடியும் முரசு. கற்றறிந்த வித்வான்கள் இதனை எளிய உருப்படி என்று ஒதுக்கலாம். ஆனால் முரசில் நிகரற்றவர் என்று பெயர் வாங்கிய மனிதர் ஒருவர், முரசு இல்லாத இடத்தில் பிப்பாவையே முரசாக்கி வாசிப்பதை இதில் கேட்கிறோம். கண்ணிழந்தவருக்குப் படகுப் போட்டி என்பது ஒலி மட்டுமே என்பதையும் இதைக் கேட்கும்போது எண்ணாமல் இருக்க இயலவில்லை.

மேலும் பல உருப்படிகளைப் பதிய வேண்டும் என்று யாங் விரும்பினார். கை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை, சில மாதம் நன்றாகப் பயின்றுகொள்கிறேன், அப்போது வாருங்கள் என்றார் ஆபிங். கேட்டது நியாயமே. சில நாள் பழக்கத்தில் வாசித்ததை அவர் தம் முழுமையான வாசிப்பாகக் கருதவில்லை. விருந்தினர் மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றனர். டிசம்பர் 4-ஆம் நாள் ஆபிங் இறந்தார். டுங் சுய்டி அம்மையாரும் அவர் பின்னே விரைவில் மறைந்தார். அவருடைய உருப்படிகளைச் சுரப்படுத்தி, வரலாற்றுக் குறிப்போடு யாங்கும் சாவும் தொகுத்த நூல் 1952-இல் வெளிவந்தது.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை. எர்ஹூ உருப்படி மேல்நாட்டுத் தந்திவாத்தியக் குழுவுக்கும் அமைக்கப்பட்டது. 1978-இல் பெய்ஜிங்கில் மாணவி ஒருத்தி அதை வாசிக்கக் கேட்ட ஜப்பானிய இசைநடத்துநர் செய்ஜி ஓசாவா கண்ணீர் பெருக்கி, இதனை மண்டியிட்டுக் கேட்க வேண்டும் என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆபிங் வாழ்ந்த சிறு வீடு இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவகம். இசைக் கல்லூரி மாணவர்கள் அந்த ஆறு உருப்படிகளையும் கசடறப் பயில்கின்றனர். ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. தெருவில் ஆபிங் ஒரே உருப்படியை இருமுறை ஒரே வகையில் வாசித்தவரல்லர். நடை நீண்டால் மெட்டும் நீளும், கூட்டம் சேர்ந்தால் விரலும் விரையும். ஒரு நாள், ஒரு மணி நேரத்தில், இரவற் கருவியில் அவர் வாசித்த விதமே இன்று எழுத்துக்கு எழுத்து விதியாகிவிட்டது. இதில் பிழை சொல்லவும் முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இல்லாதவற்றின் பட்டியல் நீளமானது. செய்தியைக் கட்டிப் பாடிய அவருடைய குரல் எந்தக் கம்பியிலும் இல்லை. 1932-இன் பாட்டு இல்லை; தேநீர்க்கடை வாயிலில் சிரிப்பை எழுப்பிய பாட்டுகள் இல்லை. ஊர்ப்பூசகர்கள் எல்லாவற்றுக்கும் மேலாகப் போற்றிய அவருடைய முரசும் பதிவாகவில்லை. முரசு வாசிக்க உடன் ஒரு குழு வேண்டும், அவரோ தனியாளாக இருந்தார். யாங் பின்னர் வூஷீப் பூசகர்களின் முரசு இசையைப் பெருமுயற்சியோடு தேடிச் சுரப்படுத்தினார். அப்போது வாசித்துக் காட்டியவர்கள் வேறு பூசகர்கள்.

1983-இல் ஆபிங்கின் எச்சங்களை எடுத்து ஹுய்ஷான் மலையடிப் பூங்காவில் அடக்கம் செய்தனர். இரண்டாம் ஊற்று அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது.